கோயில் மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதல் வரியிலேயே கை நின்றுவிடும். வீட்டு விலக்கைப் பற்றி எழுத வேண்டும், அதை ஆம்பிளைகளும் படிப்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் பேரைச் சொல்லித்தான் இதெல்லாம் நடந்தது. எழுதினால் ஆத்தா மேலேயே பழி போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து, பேப்பரை மடித்து எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "யக்கா, கோயில் மாத்திரை ஒரு அட்டை இருந்தா குடுக்கா, கும்பாபிசேகத்துக்குப் போவணும்" என்றாள். அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

எங்களுக்குச் செஞ்சி. வீட்டுக்காரர் லோடு வண்டி வைத்திருக்கிறார், நெல் விற்கிற கமிட்டிக்கு மூட்டை ஏற்றிப் போவார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத்தான் எங்களுக்கு மகன் பிறந்தான். வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். அவனுக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஆடி அமாவாசை வந்தது. அவன் முதல் முடியை மேல்மலையனூரில் ஆடி அமாவாசை அன்று இறக்கி, பெற்றவள் கையாலேயே அவனை ஆத்தா சந்நிதியில் கிடத்தி எடுப்பதாக என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார்.

பால் கொடுக்கிற உடம்புக்கு விலக்கு எப்போது வரும், எப்போது வராது என்று சொல்ல முடியாது. எனக்கு ஒரு தரம் வந்துவிட்டுப் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

"நடு பஸ்ஸுல வந்துச்சுன்னா இன்னாடி பண்ணுவ?" என்று மாமியார் கவலைப்பட்டார். "ஆத்தா கோயிலு. வெளையாட்டு இல்ல."

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்கும் கற்பூர டப்பாவுக்கும் நடுவில், ஒரு சின்னத் தகர டப்பா எப்போதும் இருக்கும். அதில்தான் கோயில் மாத்திரை. கடையில் அதற்கு வேறு பேர் உண்டு. எங்கள் தெருவில் யாரும் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது என்றாலும் அந்த அட்டை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். விசேஷம் முடிந்து மிச்சம் இருந்தால் திரும்பி வரும். மஞ்சள் கொடுப்பது, வெற்றிலை கொடுப்பது மாதிரி அதுவும் ஒன்று.

என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "பயப்படாதடி. இது மாத்திரையே இல்ல, பிரேக்கு. மிதிச்சா நிக்கும், காலை எடுத்தா போவும். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

மாமியார் பெருமூச்சு விட்டார். "எங்களுக்கெல்லாம் ஏது பிரேக்கு? திருவிழா அன்னிக்கு வந்துச்சுன்னா தோட்டத்துல குந்திக்கினு மேளத்தக் காதால கேக்கறதோட சரி. நீங்கல்லாம் குடுத்து வெச்சவளுங்க."

அட்டையில் மிச்சமிருந்தது போதவில்லை. வீட்டுக்காரர் அந்த அட்டையைக் கொண்டுபோய் மெடிக்கலில் காட்டி வாங்கி வந்தார். கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை. இவருக்கும் பெண்கள் சமாசாரம் பேச வெட்கம். பேப்பரில் சுற்றிக் கொடுத்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் கைக்குழந்தை பால் குடிக்கிறது, மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஆபரேஷன் ஆனது என்பதை நாங்கள் யாரிடமும் மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அமாவாசைக்குப் போனோம். ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. வரிசையில் நசுங்கி, வியர்த்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைச் சந்நிதியில் கிடத்தி எடுத்தபோது நான் வாய்விட்டு அழுதேன். அது பொய்யான அழுகை இல்லை. இன்றைக்கும் அந்த நிமிஷத்தை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அதோடு மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அடுத்து எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவள் இந்த வருஷம் கூழ்ப் பானை தூக்க வேண்டும் என்றார்கள். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிடு, ஆடி போவட்டும்" என்றாள் ஓரகத்தி. ஓட்டினேன்.

அந்த நாட்களில்தான் மகன் பால் குடிக்கும்போது வாயை எடுத்துவிட்டுக் கத்த ஆரம்பித்தான். முன்னெல்லாம் அவன் சிணுங்கினாலே என் ரவிக்கை நனைந்துவிடும். அது நின்றுபோயிருந்தது. கோயிலில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். பூண்டு வேகவைத்துக் கொடுத்தார், முருங்கைக் கீரை கொடுத்தார். பூஜை அலமாரி டப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வேளையும் சாமியைக் கும்பிட்டுவிட்டு நான்தான் அதைத் திறந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

கூழ் ஊற்றி முடித்த மறுநாள் இடது காலில், கெண்டைச் சதையில் ஒரு வலி. பானை தூக்கி நின்ற வலி என்று நினைத்தோம். கால் வீங்கிச் சூடாக இருந்தது. மாமியார் விளக்கெண்ணெய் காய்ச்சி, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அமுக்கி உருவிவிட்டார். மருமகள் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்க்கிற மாமியார் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று அன்று மனசுக்குள் பெருமைப்பட்டேன். அப்படி அமுக்கவே கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னபோது, மாமியார் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தூளியிலிருந்து மகனைத் தூக்கக் குனிந்தேன். நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்தின மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியில் நிற்கிறது. தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் கமிட்டியிலிருந்து மூட்டையோடு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். என்னை முன் சீட்டில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம், "பேசுடி, எதுனா பேசிக்கினே வா" என்று கத்திக்கொண்டே வந்தார். எனக்குப் பேச மூச்சில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. ஆக்சிஜன் வைத்துவிட்டு வேகவேகமாகக் கேட்டார். சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா. பிறகு, "ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?"

தலையை ஆட்டி, இல்லை என்றேன்.

"இல்லீங்க மேடம்" என்றார் வீட்டுக்காரர்.

"பச்ச ஒடம்புங்க. பத்தியமா வெச்சிருக்கறோம். தலவலி மாத்திரகூட குடுக்கறதில்ல" என்றார் மாமியார்.

நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது என்று திருப்பிக் கேட்டார். அதற்கும் இல்லை என்றோம். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. எங்கள் மனசில் மாத்திரை என்பது காய்ச்சலுக்குச் சாப்பிடுவது. பூஜை அலமாரியில் இருப்பது மாத்திரை இல்லை. உயிர் போகிற நேரத்தில், காப்பாற்ற நிற்கிற ஒருத்தரிடம், உண்மை என்று நினைத்தே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். அமுக்கவில்லை, தொட்டு மட்டும் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "கடைசியா எப்ப தலைக்கு ஊத்தினீங்க?" என்று கேட்டார்.

முகமூடிக்குள்ளிருந்து சொன்னேன். "இந்த மாசம் இன்னும் இல்ல மேடம். சாமி காரியத்துக்காகத் தள்ளிப் போட்டிருக்கறேன்."

"எப்படித் தள்ளிப் போட்டீங்க?"

"கோயில் மாத்திரை."

அவர் என்னைத் திட்டவில்லை. அதற்குள் மாமியார், "அது மாத்திர இல்லீங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தவர், தான் என்ன சொல்கிறோம் என்று தனக்கே உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்று சொல்லி, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டதுதான் சரியாக இருந்தது.

அந்த வார்டைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. என்னைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணைப் பச்சைத் துணி போர்த்தி வெளியே கொண்டுபோனார்கள். அவள் செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் சாயங்காலம் வரைக்கும் கிடந்தது.

அங்கே இருந்த பெரிய டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். விலக்கைத் தள்ளிப்போடுகிற அந்த மாத்திரை ஒரு ஹார்மோன் மருந்து. சாப்பிடுகிற எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் பிள்ளை பெற்று கொஞ்ச நாள்தான் ஆகிறது, வயிற்றில் ஆபரேஷன், எங்கள் அம்மாவுக்கும் ஒரு காலத்தில் இதே மாதிரி கால் வீங்கி ரத்தம் கட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட உடம்புக்கு ஒரு டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட்டிருக்கவே கூடாது. பால் குறைந்ததற்கும் அது காரணமாக இருக்கலாம். "கேட்டிருந்தா வேணாம்னு ஒரே வார்த்தைல சொல்லியிருப்போமேம்மா" என்றார்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஊசி பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றும் அவரே சொன்னார். ஆனால் மாமியார் மகனை என்னிடம் கொண்டுவரவே இல்லை. வராந்தாவில் வைத்துக்கொண்டு பாக்கெட் பால் புகட்டினார். "ஒரு மாத்திரையால பட்டது போதும். இத்தினி ஊசி போட்ட ஒடம்பு. என் பேரனுக்கு வாணாம்." சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். டாக்டரே வெளியே போய், பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கி என் பக்கத்தில் படுக்க வைத்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். விடாமல் வைத்து வைத்து, பல நாள் கழித்துத்தான் பால் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தேன். நான் வருவதற்கு முன்னாலேயே என் கதை தெருவுக்கு வந்துவிட்டது. "ஆத்தாளையே ஏமாத்தப் பாத்தா, வுட்டுடுவாளா?" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். "பால் குடுக்கறவ மாத்திர முழுங்கலாமா? பாலு வெசமாயிடாது?" என்று வேறு சிலர். நான் வாயைத் திறக்கவில்லை. உயிரோடு வந்ததே பெரிசு, ஊர் வாயை எதற்கு மூட வேண்டும் என்று இருந்துவிட்டேன். அது எங்கே போய் முடியும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நான் பிழைத்து வந்தால் மாவிளக்கு போடுவதாக மாமியார் வேண்டியிருந்தார். கார்த்திகை அமாவாசைக்குப் போக எல்லாம் தயார் செய்து, மாவு இடித்து வைத்துவிட்டோம். அன்று விடிகாலையில் எனக்கு விலக்காகிவிட்டது. பூஜை அலமாரியில் அந்த டப்பா இருந்த இடம் காலியாக இருந்தது. வீட்டுக்காரர்தான் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். "ஆத்தா எங்க போயிடப் போறா? அடுத்த அமாவாசைக்கும் அங்கதான இருப்பா?"

அதனால் மார்கழி அமாவாசைக்குப் போனோம். எங்கள் லோடு வண்டியிலேயே போனோம். மாவிளக்கு போட்டு முடித்து, வெளியே மதில் ஓரம் வெயிலில் உட்கார்ந்தோம். பனி எல்லாம் போய் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம். இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி, அந்த வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டு, போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தியிருந்தார்கள். காத்து கருப்பு அண்டியவர்களை அந்த அம்மனிடம் கூட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படித்தான் கூட்டி வந்திருந்தார்கள்.

அவள் அம்மா மடியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பெற்றவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது என்பது மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்த அழுகையைக் கேட்டதும் என் ரவிக்கை நனைந்துவிட்டது. பால் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். "குடும்மா, நான் குடுக்கறேன்" என்று கையை நீட்டினேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையை என் மடியில் போட்டார். அது பசியில் கடித்து இழுத்துக் குடித்தது. அது குடிக்கக் குடிக்க, அந்த அம்மா தன் மகள் கதையைச் சொன்னார்.

அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் கழுத்தில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து தினமும் காலையில் தைராய்டு மாத்திரை ஒன்று. முழுகாமல் இருந்தபோதும் சாப்பிட்டாள், நன்றாகத்தான் இருந்தாள், பிள்ளையும் நன்றாகப் பிறந்தது. "அப்பறம் நாங்கதான் நிறுத்திட்டோம். அதுலேந்து கொஞ்சம் கொஞ்சமா இப்டி ஆயிட்டா. குளுருது குளுருதுன்றா. நாளெல்லாம் தூங்கறா. புள்ளைய தூக்க மாட்டேன்றா. புருசங்காரன் திமிருன்றான், மாமியாக்காரி பேயின்றா."

"ஏம்மா நிறுத்தினீங்க?"

"பால் குடுக்கறாளே. செஞ்சில ஒரு பொம்பள உனக்குத் தெரியாதா? புள்ளைக்குப் பால் குடுத்துக்கினே மாத்திர முழுங்கியிருக்கறா. பால் அப்டியே வெசமாயிடுச்சாம். அவளும் செத்தே பூட்டாளாம். அத கேட்டப்பறம் எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்?"

என் மாமியார் எழுந்து நின்றுவிட்டார். பிள்ளை ஒன்றும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தது.

"அந்த செஞ்சிப் பொம்பள நான்தாம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பிடுங்குகிற மாதிரி இரண்டு கையையும் பிள்ளை மேல் வைத்தார். நான் தடுக்கவில்லை. பிள்ளைதான் வாயை விடவில்லை. அப்படியே என் முகத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "பொய்" என்றார். "அவ செத்துட்டா."

என்ன சொல்லி நம்ப வைப்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளை குடித்து முடித்ததும் அவர் கையில் கொடுத்துவிட்டு, மாமியார் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினேன். கோபுரத்தைப் பார்த்து நின்று, எரிகிற கற்பூரத்தின் மேல் கையை அடித்துச் சத்தியம் செய்தேன்.

"நான் சாவல. எம்பாலு வெசமாவல, எம்புள்ள தோ எங்க அத்த தோள்ல இருக்குது பாரு. இப்பகூட ரத்தம் உறையாம இருக்க நான் மாத்திர சாப்பிடறேன், டாக்டர கேட்டு சாப்பிடறேன், அவங்கள கேட்டுத்தான் பால் குடுக்கறேன். ஒம்பொண்ணு மாத்திர நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சவ இல்ல. ஆனா கேக்காம சாப்ட்டு நான் சாவப் பாத்தேன். நீங்க கேக்காம நிறுத்திட்டீங்க. வாங்க, போய் கேப்போம். ஆத்தா மேல ஆணையா கேட்டுட்டு மட்டும் வந்துடுவோம்."

கையில் கொப்புளம் எழும்பிவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அந்தப் பெண்ணின் உடம்பு என் மேல் சாய்ந்திருந்தது. போர்வைக்குள்ளும் கை சில்லென்று இருந்தது. அதே டாக்டரம்மாதான் இருந்தார். கழுத்துத் தழும்பைப் பார்த்ததுமே, "மாத்திரையை நிறுத்திட்டீங்களா? யார் சொல்லி நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அந்த அம்மா என்னைக் கை காட்டினார். அந்த விரலை நான் மறக்கவே முடியாது. நடந்தது என்ன என்று நான் ஊரில் ஒருத்தரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அந்த வீடு வரைக்கும் போயிருந்தது.

"இது உடம்பில் தானாகவே சுரக்க வேண்டியது. இவளுக்கு அது சுரக்கிற இடத்தையே எடுத்தாச்சு. அதைத்தான் மாத்திரையா குடுக்கறோம். பால் குடிக்கிற பிள்ளைக்கு இதால் கெடுதல் இல்லை. தாய் இதை நிறுத்தினாத்தான் ஆபத்து" என்றார் டாக்டரம்மா. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால், ஒரு காலையில் எழுப்பும்போது எழுந்திருக்க மாட்டாள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் போன அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளையும் அனுப்பினார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் வைகாசியில், பிள்ளையை நடத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகம் வற்றி, வேறு ஆளாக, அழகாக இருந்தாள். என் மகனும் அவள் மகளும் ஒரே சொம்பைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டார்கள். "இன்னா இருந்தாலும் ஒரே பால் குடிச்சதுங்க இல்ல, அதான்" என்று மாமியார் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குப் பால் திரும்பி வரவே இல்லக்கா" என்றாள். "அது போவட்டும். எம்புள்ள எப்ப குப்புற வுழுந்துச்சு, எப்ப மொதமொத சிரிச்சிச்சு, எதுவும் எனக்குத் தெரியாது. அங்கயேதான் இருந்தேன். ஆனா தெரியாது."

சொம்பை விடாமல் பிடித்திருந்த அவள் மகளைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தேன்.

சாயங்காலமானால் என் இடது கால் இப்போதும் வீங்கும். இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். அமாவாசையில் நாள் சரியில்லை என்றால் அடுத்த அமாவாசைக்குப் போகிறேன். கார்த்திகையில் என்னை வீட்டிலேயே நிறுத்தி, மார்கழியில் அந்தப் பிள்ளையின் அழுகை கேட்கிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது ஆத்தாதான் என்று நான் நம்புகிறேன். எந்தத் தீட்டை அவளுக்கு ஆகாதென்று மாத்திரை போட்டு அடக்கினேனோ, அதையே வைத்து அவள் எனக்கு வழி காட்டினாள். இதில் அவள் மேல் பழி எங்கே இருக்கிறது?

போன வாரம் மாத்திரை கேட்டு வந்த பெண்ணை உட்கார வைத்து இதை முழுசாகச் சொன்னேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போனேன். உங்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன். பால் கொடுக்கிற பெண் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்கள். ஆத்தா தண்டித்தாள் என்று சேர்க்காதீர்கள். மாத்திரை எல்லாமே விஷம் என்று மாற்றாதீர்கள். ஒரு மாத்திரையைக் கேட்காமல் சாப்பிட்டவள் ஒருத்தி, இன்னொரு மாத்திரையைக் கேட்காமல் நிறுத்தியவள் ஒருத்தி, இரண்டு பேரையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை, பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுகிற தூரம்தான். அதற்குள் என் கதையில் நான் செத்துப் போயிருந்தேன், அந்தச் செத்தவளின் பாலைக் குடித்துத்தான் ஒரு பிள்ளை அன்றைக்குப் பசியாறித் தூங்கியது.